மெஸ்ஸில் விலை குறைத்துக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் தெருமுனை மெஸ்ஸில்தான் அடிக்கடி பார்சல் வாங்குகிறோம். மகன் பிறந்தநாளுக்கு 40 பேருக்குப் பிரியாணி சொல்ல வேண்டும். விலை குறைக்கச் சொன்னால் தவறாக நினைப்பார்களா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மதியம் ஒரு மணிக் கூட்டத்தில், கல்லாவை மறித்துக்கொண்டு வேண்டாம். நான்கு மணி வாக்கில் போய் முதலாளியிடமே பேசுங்கள். பார்சல் கட்டும் தம்பியிடம் கேட்டால் அவருக்குத்தான் சங்கடம். தேதி, ஆள் கணக்கு, எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் முதலில் சொல்லி, பாதிப் பணம் முன்பணமாகத் தருவதாகவும் சொல்லி, "பார்த்துப் போட்டுக் கொடுங்கண்ணே" என்றால் போதும். எவ்வளவு குறைப்பது என்பதை அவரே சொல்லட்டும்.

சின்னக் கடையில் லாபம் கொஞ்சம்தான். 19 கிலோ வணிக சிலிண்டரும் கறியும் விலை ஏறினாலும், வருகிறவர் நின்றுவிடுவாரோ என்று பலகையில் விலையை மாற்றத் தயங்குவார்கள். அதனால் காசைக் குறைப்பதைவிட, கூடுதலாகத் தால்சாவோ தயிர்ப்பச்சடியோ கேட்பதே எனக்குப் பிடித்த வழி. வீட்டுப் பாத்திரம் கொண்டுபோனால் அவருக்கு டப்பாச் செலவு மிச்சம். அதைச் சொல்லியே கேட்கலாம். "ஸ்விக்கியில் மலிவு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தள்ளுபடியில் ஒரு பகுதி பல நேரம் கடைக்காரர் தலையில்தான் விழுகிறது, கமிஷன் வேறு.

கட்டாது என்றால் முகம் கோணாமல் சொன்ன விலைக்கே ஆர்டர் கொடுங்கள். இரண்டு நாள் முன்னதாகப் போங்கள். கறிக்கு அவர் சொல்லிவைக்க வேண்டும்.