பெரிய குழந்தையும் தாயின் சர்க்கரையும்

நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தை பிறந்தால் வீட்டார் பூரிக்கின்றனர்; நாமோ, தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்ததா என்று முதலில் கேட்போம். தாயின் இரத்தச் சர்க்கரை நஞ்சு வழியே சிசுவை அடைகிறது; அவளது இன்சுலினோ அதனைக் கடப்பதில்லை. ஆகவே சிசுவின் கணையமே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் என்றதும் பிட்யூட்டரிச் சுரப்பியையே பலர் நினைப்பர். கருவறையில் அவ்வேலையைப் பெரிதும் செய்வன இன்சுலினும் அதன் இனத்து ஹார்மோன்களுமே. டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950களில் இதனை விளக்கினார். தோளும் வயிறும் கொழுத்துப் பருப்பதால், பிரசவத்தில் தோள் சிக்கும் இடரும் மிகுகிறது.

கொடியை அறுத்ததும் சர்க்கரை வரவு நின்றுவிடும்; இன்சுலின் சுரப்பு உடனே நிற்பதில்லை. சில மணி நேரத்திற்குள் குழந்தையின் சர்க்கரை இறங்கி நடுக்கமோ வலிப்போ காணலாம். ஆதலால் சேனை வைக்கக் காத்திராமல் முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் ஊட்டுக. குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்குமாறு செவிலியரைக் கேட்டுக்கொள்க.