தாத்தா வாங்கிய கடை

சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களும் இளவேனிற்காலம் என்பது தமிழர் வகுத்த பருவக் கணக்கு. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலேசியாவில் அப்பருவத்தைப் பிரித்தறிவது எளிதன்று. ஆனால், பட்டர்வொர்த், பாகான் டாலாமில் உள்ள அந்த வீட்டில் பாட்டி பொருள்பட்டியல் எழுதத் தொடங்கினால் சித்திரை நெருங்கிவிட்டது என்று பொருள்.

ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. அதற்கு இன்னும் நான்கு நாள்களே இருந்தன. சனிக்கிழமை காலையில் பாட்டி, பேரனிடம் பட்டியலை நீட்டினார். வெல்லம் அரைக் கிலோ, மாங்காய் இரண்டு, பஞ்சாங்கம் ஒன்று.

“ஐயா, பஞ்சாங்கத்தை மட்டும் அக்கரையில், கடைத்தெருவில் வாங்கிட்டு வா. தாத்தா அங்கேதான் வாங்குவார்,” என்றார்.

இரண்டாம் படிவ மாணவனான அவனுக்குச் சலிப்பாக இருந்தது. அருகிலிருந்த மளிகைக் கடையில் வெல்லமும் மாங்காயும் வாங்கினான். அங்கேயே பஞ்சாங்கமும் தொங்கியது. அதே பஞ்சாங்கம்; அதே அட்டை. ‘இதை வாங்கிக்கொண்டு, அக்கரையில் வாங்கினேன் என்று சொன்னால் பாட்டிக்குத் தெரியவா போகிறது?’ என்று எண்ணினான். கை பஞ்சாங்கத்தைத் தொட்டது.

“பஞ்சாங்கமும் வேணுமா தம்பி?” என்று கடைக்காரர் கேட்டார்.

சற்றுத் தயங்கியவன், “வேண்டாம், மாமா,” என்று சொல்லிவிட்டு ஃபெரி முனையத்தை நோக்கி நடந்தான்.

பட்டர்வொர்த்தையும் ஜார்ஜ்டவுனையும் இணைக்கும் ஃபெரிச் சேவை 1894இல் தொடங்கியது. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின்னரும் அது நிற்கவில்லை. கார்களையும் மக்களையும் ஏற்றிச் சென்ற பழைய ஈரடுக்கு ஃபெரிகளில் பயணிகள் செல்வது 2020ஆம் ஆண்டு இறுதியில் முடிவுற்றது. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. அவற்றில் பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிகளும் செல்லலாம், கார்களுக்கு இடமில்லை.

அக்கரையில் இறங்கியவன், பெங்காலான் வெல்ட் சாலையைக் கடந்து லெபோ பாசாருக்குள் நுழைந்தான். தமிழர்கள் கடைத்தெரு என்றழைத்த தெரு அதுவே. மல்லிகை மணமும் மசாலா மணமும் கலந்து வந்தன. பஞ்சாங்கத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஃபெரியில் வீடு திரும்பினான்.

பாட்டி பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. “புது ஃபெரி எப்படி இருக்கு? காத்து முகத்தில அடிக்குதா? கரை சேர்ந்ததும் கயிறு கட்ட ஆள் நிக்கிறாங்களா?” என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்.

தாத்தா முப்பது ஆண்டுகள் ஃபெரியில் கயிறு கட்டும் வேலை செய்தவர் என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. அவர் மறைந்தபின், முழங்கால் வலியால் பாட்டி ஃபெரியில் ஏறியதே இல்லை. கண்டதையெல்லாம் அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். மளிகைக் கடையிலேயே வாங்கியிருந்தால் சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது.

“அடுத்த சனிக்கிழமை நீங்களும் வாங்க, பாட்டி. நான் கையைப் பிடிச்சுக்கிறேன்.”

பாட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இரு, நாள் எப்படியிருக்குன்னு பார்க்கிறேன்,” என்று பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.