கத்தியின்றிக் காணும் கண்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்துள்ள சிற்றூர்களுள் ஒன்று சிலமலை. அப்பகுதிக்கு மேற்கே ஓங்கி நிற்கும் மலைச்சரிவுகளில், பெருமரங்களின் நிழலில், ஏலச்செடி செழித்து வளர்கின்றது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தழை மறைக்க, அடித்தூரில் நிலத்தை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. ஆதலின், பறிப்போர் குனிந்து தழையை விலக்கியே அதனைக் காண்பர். உடம்பினுள் மறைந்துள்ள நோயும் அத்தகையதே. ஆயின், தழையை விலக்குவது போல உடலை விலக்கிப் பார்த்தல் இயலுமோ?

மழைக்காலத்தில் வழுக்கும் சரிவொன்றில் தொழிலாளி ஒருவர் இடறி வீழ்ந்தார் எனக் கொள்வோம். அவர் கால்கள் உணர்விழந்து மரத்துப் போகின்றன. எக்ஸ்-கதிர்ப் படம் முதுகெலும்பின் முறிவைக் காட்டும்; அவ்வெலும்பினூடே செல்லும் தண்டுவடம் நசுங்கியுள்ளதா என்பதைக் காட்டாது. அறுவை மருத்துவம் உடனே வேண்டுமா என்னும் முடிவோ பெரிதும் அதனையே பொறுத்தது. அந்நிலையில் மருத்துவருக்குக் கண்ணாய் அமைவது எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படக்கருவியாகும்.

மனித உடலில் பாதிக்கு மேற்பட்ட பகுதி நீரே. நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு உள்ளன. அவற்றின் கருக்கள் நுண்ணிய காந்த ஊசிகளை ஒத்தவை. நோயாளியை வலிய காந்தத்தின் நடுவே கிடத்தினால், தாறுமாறாக இருந்த அக்கருக்களுள் ஒரு சிறு பகுதி கூடுதலாகக் காந்தப் புலத்தின் திசையில் அணிவகுக்கும். ஊஞ்சலை அதன் போக்கிற்கு இசையத் தள்ளினால் அது மேன்மேலும் உயர எழுவதை நாம் அறிவோம். அதுபோலவே, அக்கருக்களுக்கு இசைந்த வானொலி அலையைச் செலுத்தினால் அவை ஆற்றலை ஏற்று நிலை மாறும். அலை நின்றதும் மெல்லிய குறிப்பலைகளை வெளியிட்டு முன்னைய நிலைக்கு மீளும். இங்ஙனம் மீளும் விரைவு கொழுப்பில் ஒருவகை, தசையில் ஒருவகை, வீங்கிய இடத்தில் வேறொருவகை. இவ்வேறுபாடுகளைக் கணிப்பொறி தொகுத்துப் படமாக்குகின்றது. மருத்துவமனைகளில் பெரிதும் வழங்கும் 1.5 டெஸ்லா காந்தம், நிலவுலகின் காந்தப் புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுடையது.

இக்கருவி ஒருவரால் ஒரு நாளில் அமைந்ததன்று. 1946ஆம் ஆண்டில் பிளாக், பர்செல் என்னும் அறிஞர் இருவரும் தனித்தனியே பொருள்களில் இவ்வதிர்வைக் கண்டனர். அப்போது அவர்கள் நாடியது அணுவின் இயல்பை; நோயாளியின் படத்தையன்று. 1973இல் லாட்டர்பர், பல திசைகளிலிருந்து பெற்ற குறிப்புகளைத் தொகுத்து முதற்படத்தை வெளியிட்டார். படமெடுக்கும் முறையை விரைவுபடுத்தியவர் மான்ஸ்பீல்டு. இவ்விருவரும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். பல கோணப் பதிவுகளினின்று முழு வடிவத்தைக் கணிக்கும் துறையில் நம் நாட்டாரும் பங்கு கொண்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உயிர்-இயற்பியல் ஆராய்ச்சியை வளர்த்த ஜி. என். இராமச்சந்திரனும், ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்ட கணக்கு முறை, எக்ஸ்-கதிரால் இயங்கும் சி.டி. கருவிக்குப் பெரிதும் துணையாயிற்று.

மூளைக் கட்டி, தண்டுவட நோய், மூட்டுகளின் குருத்தெலும்பு, கிழிந்த தசைநார் ஆகியவற்றை எம்.ஆர்.ஐ. தெளிவுறக் காட்டும். மூளையில் குருதியோட்டம் தடைப்பட்டால், அதனால் உண்டாகும் கேட்டைத் தொடக்கத்திலேயே காட்டவும் வல்லது. எக்ஸ்-கதிர் இதில் பயன்படுவதில்லை என்பது மற்றொரு நன்மை.

ஆராய்ச்சிக்கும் இஃது உதவுகின்றது. குருதியில் உயிர்வளியின் அளவு மாறுவதைக் கொண்டு, மூளையின் எப்பகுதி தொழிற்படுகின்றது என அறியும் வழியை 1990இல் சப்பானிய அறிஞர் ஒகாவா காட்டினார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள குழவியின் மூளை வளர்ச்சியை விளக்கும் 'தரணி' என்னும் முப்பரிமாண மூளைப்படத் தொகுப்பை 2024இல் வெளியிட்டது. 5 மூளைகளினின்று பெற்ற 5,132 நுண்சீவல்களின் படங்கள் அதற்கு அடிப்படையாயின.

நலம் பயக்கும் இக்கருவி, கவனம் தவறின் தீங்கும் செய்யும். படமெடுக்காத வேளையிலும் இதன் காந்தம் உறங்குவதில்லை. 2018ஆம் ஆண்டு மும்பையில், ஆக்சிஜன் உருளையுடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்ற இளைஞர் ஒருவர், காந்தம் உருளையை ஈர்த்தமையால் உயிரிழந்தார். கருவி நிறுத்தப்பட்டுள்ளது என்று அவர் நம்பியிருந்ததாகக் கூறப்பட்டது. ஆகவே சாவி, ஊசி, கைப்பேசி முதலியவற்றை வெளியே வைத்தல் வேண்டும். உடலில் இதயமுடுக்கி உடையோரும், கண்ணில் இரும்புத்துகள் பட்டோரும் அதனை மறையாது முன்னரே உரைத்தல் வேண்டும்.

அணுவின் இயல்பை அறிய விழைந்தோரின் உழைப்பு, அரை நூற்றாண்டுக்குள் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது. இன்று பயனற்றது போலத் தோன்றும் அறிவு, நாளை ஓர் உயிரைக் காத்தல் கூடும். ஆதலின் எவ்வறிவையும் சிறிதென இகழாது கற்றல் மாணவர் கடனாகும்.

பயிற்சி

1. எக்ஸ்-கதிர்ப் படம் காட்டாத எதனை எம்.ஆர்.ஐ. காட்டுகின்றது?
2. ஊஞ்சல் உவமையால் விளக்கப்படும் கருத்து யாது?
3. எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்வோர் மேற்கொள்ள வேண்டிய முறைகளை எழுதுக.