ஷிப்டு மாறினால் மீட்டிங் எப்படிப் போவது?

கேள்வி: வல்லம் வடகால் சிப்காட்டில் வேலை. குடியை விட ஏ.ஏ. மீட்டிங் போகச் சொல்கிறார்கள். கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா? வாராவாரம் ஷிப்டு வேறு மாறுகிறதே?

பதில்: ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் பெயரை மட்டும் சொன்னால் போதும், எந்தக் கம்பெனி என்று கேட்க மாட்டார்கள். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியில் விழுந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது இது. கட்டணம் கிடையாது. உண்டியல் சுற்றி வரும். போடாவிட்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். முதல் நாள் வாயே திறக்காமல் கேட்டுவிட்டு வரலாம்.

ஒரே குழுவுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. சென்னையில் தமிழிலேயே பல குழுக்கள் உண்டு. நைட் ஷிப்டு வாரத்தில் லீவு நாள் கூட்டம், அதுவும் முடியாவிட்டால் ஆன்லைன் கூட்டம். 14446 இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

ஆனால் தினமும் நிறையக் குடிப்பவரானால், மீட்டிங் போன உற்சாகத்தில் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். கைநடுக்கத்தோடு நிற்காது, வலிப்பு, பிதற்றல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலோ, 1980 முதல் குடிநோய் சிகிச்சையே வேலையாக இருக்கும் சென்னை டி.டி.கே. மருத்துவமனையிலோ காட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டமே இருக்கிறது.