எஞ்சினின் டைமிங் பெல்ட்டும் குறிச் சோதனையும்

புனே நகரையடுத்த பிம்பிரியில், அக்காலத்தில் டெல்கோ எனப் பெயர் பெற்றிருந்த டாட்டா தொழிற்சாலையிலிருந்து 1998-ஆம் ஆண்டு இண்டிகா கார் வெளிவந்தது. அம்பாசடரில் பழகிய தொழிலாளி, கிராங்க் தண்டையும் காம் தண்டையும் சங்கிலி இணைப்பதைக் கண்டிருப்பார். இண்டிகாவின் டீசல் எஞ்சினிலோ அப்பணியைச் செய்வது பற்களுடைய ரப்பர்ப் பட்டையாகிய டைமிங் பெல்ட் ஆகும். பழக்கமில்லாத எஞ்சினைப் பிரித்துக் கோக்கும்போது, குறிகளை நேர்ப்படுத்தினால் மட்டும் போதாது; குறிகளையே சோதித்தறிதல் வேண்டும்.

இதன் காரணம் எளிது. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரு முறை சுழல, காம் ஒரு முறை சுழலும். கிராங்க் சக்கரத்தில் 20 பற்களும் காம் சக்கரத்தில் 40 பற்களும் இருப்பதாகக் கொள்வோமாயின், பெல்ட் ஒரு பல் தவறினாலும் கிராங்க் கணக்கில் 18 பாகை பிழை நேரும். அப்பிழை மிகுந்தால், திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் தாக்கி வளைத்துவிடும்.

முதற்கண், சிலிண்டர் ஹெட்டைப் பொருத்துமுன் முதற் பிஸ்டனின் உச்சிநிலையைக் காண வேண்டும். உச்சியருகே கிராங்க் திரும்பினாலும் பிஸ்டன் அசைவது புலப்படாது. ஆகவே கண் மதிப்பு உதவாது. உச்சிக்கு முன்னும் பின்னும் பிஸ்டன் ஒரே அளவு தாழ்ந்துள்ள இரண்டு இடங்களை டயல் கேஜால் அறிந்து, ஃப்ளைவீலில் குறிக்க. அவற்றின் நடுப்புள்ளியே உச்சிநிலை. பழைய குறி அதனுடன் ஒத்துள்ளதா என நோக்குக.

அடுத்து, கிராங்கைக் கால் சுற்றுப் பின்னே திருப்புக. நான்கு பிஸ்டன்களும் நடுவில் நிற்பதால், காம் தண்டைத் திருப்பினும் வால்வுகள் இடிபடா. ஹெட்டைப் பொருத்தி, முதற் சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடியிருக்குமாறு காமை அதன் குறியில் நிறுத்துக. பின்னரே கிராங்கை உச்சிநிலைக்குக் கொணர்க. டீசல் பம்பின் சக்கரத்தையும் அதன் குறியில் வைத்தல் வேண்டும். தவறினால் எரிபொருள் தெளிக்கும் நேரம் மாறிவிடும்.

பெல்ட்டை மாட்டுகையில், எஞ்சின் ஓடும்போது இழுபடும் பக்கத்தில் தொய்வு இருத்தலாகாது. எஞ்சிய தொய்வைத் தயாரிப்பாளர் கூறிய அளவுப்படி டென்ஷனர் உருளையால் நீக்குக. இறுதியாக, எஞ்சின் சுழலும் திசையில் கிராங்கை ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்றுத் திருப்புக. இடையில் தடை தோன்றினால் வலிந்து திருப்பலாகாது. காரணத்தை ஆராய்தல் வேண்டும். சக்கரக் குறிகள் மீண்டும் நேர்ப்பட்டால் அமைப்பு சரியானது. பெல்ட்டின் மேல் அச்சிட்ட கோடுகள் அப்போது நேரே வாராமையால் அஞ்ச வேண்டுவதில்லை; பெல்ட்டின் பற்களின் எண்ணிக்கை வேறாதலின் அவை இடம்பெயர்தல் இயல்பே.

ஆசிரியர்கள் 20, 40 பற்களுடைய இரு அட்டைச் சக்கரங்களைக் கொண்டு இவ்வுண்மையை வகுப்பில் விளக்கலாம். ஒரு பல்லைத் தவறவிட்டுக் காட்டினால், அப்பிழையின் அளவை மாணவர் தாமே கணக்கிட்டு அறிவர்.