இருதயம் திடீரென நின்றுவிட்டால்



சில வருஷங்களுக்கு முன் நமது கடை அஞ்சடியில், பேசிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் பேச்சு முடியுமுன் சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்தோம், மூக்கில் தைலம் தடவினோம், ஒருவர் கலிமாவும் சொல்லிக் கொடுத்தார். விட்டு விட்டுக் குறட்டைபோல் அவருக்கு இழுத்தது. "மூச்சு இருக்கிறது" என்று காத்திருந்தோம். ஆம்புலன்ஸ் வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. அந்த இழுப்பு மூச்சே அன்று என்பதைப் பின்னர் முதலுதவி வகுப்பில்தான் படித்தோம்.

மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் இரத்தக் குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலித்தாலும் ஆள் பேசுவார். இதிலோ, பெரும்பாலும் இருதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, அது இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குகிறது. முன்னது பின்னதில் போய் முடிவதும் உண்டு.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, வழக்கமான மூச்சும் இல்லை என்றால் இருதயம் நின்றுவிட்டதென்றே கொள்ள வேண்டும். நாடி தேட வேண்டாம். வாயில் தண்ணீர் விடவே கூடாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 அழைத்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆளைத் தரையில் மல்லாத்தி, நடுநெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. விலா எலும்பு முறிந்தாலும் நிறுத்தலாகாது. சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது.

அந்நியப் பெண்ணாயிற்றே என்று தயங்குவோர் உண்டு. உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடந்தருகிறது. அஜல் வந்துவிட்டது என்று கைகட்டி நிற்பாரும் உளர். வந்ததா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம், நமக்குத் தெரிந்ததோ மூச்சில்லை என்பது மட்டுந்தானே!

2021 ஜூன் 12ல் கோபன்ஹேகனில், டென்மார்க் பந்தாட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன், வயது 29, ஆட்டத்தின் நடுவே இப்படித்தான் விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தினார்கள், ஏ.இ.டி. கருவி ஒரே ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தது, மீண்டார். 2022ல் மறுபடியும் ஆடினார்.

அந்தக் கருவியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. திறந்தால் அதுவே பேசி வழிசொல்லும். தேவையில்லாத நெஞ்சுக்கு அதிர்ச்சி தராது. ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கையில் இன்னொருவர் அதைக் கொண்டுவர ஓட வேண்டும். சிங்கப்பூரில் வீவக புளோக்குகள் பலவற்றில் கீழ்த்தளத்து லிப்ட் அருகே இதற்கான பெட்டி இருக்கிறது. நமக்குக் கிட்ட உள்ளது அடுத்த புளோக்கில். கடைப் பையன்கள் மூவரையும் அனுப்பிப் பார்த்துவரச் செய்திருக்கிறோம்.