உப்பலவண்ணைத் தேரி உரைத்தது

வினய பிடகத்தில் முதற் பாராசிகத்தின் கீழ் வரும் சிறு வழக்கொன்றைப் பலரும் விரைந்து ஓதிக் கடந்து விடுகின்றனர். அதனை இன்று சற்றே நின்று நோக்குவோம்.

உப்பலவண்ணைத் தேரி சாவத்தி நகரத்துச் செல்வர் குடியிற் பிறந்தவர். பிக்குணி சங்கத்தில் கேமையோடு முதன்மை பெற்றவர். அந்தவனத்துக் குடிசையில் தனித்திருந்தார். பிச்சையேற்று வெயிலிலிருந்து உள்ளே புகுந்தபோது இருளில் ஒன்றும் புலப்படவில்லை. கட்டிலின் கீழ் ஒளிந்திருந்தவன் அவரைப் பலவந்தஞ் செய்தான். அவன் தேரியின் மாமன் மகன் என்கிறது தம்மபத உரை. அயலானல்லன், உறவினன்! நம் ஊர்களில் இத்தகைய பெண்ணைக் "கெட்டுப் போனாள்" என்கிறார்களே, இங்கே கெட்டவர் யார்?

தேரி உடனே மன்றமேறவில்லை. உடன் வாழ்ந்த பிக்குணியரிடம் சொன்னார். அவர்கள் பிக்குகளிடமும், பிக்குகள் பகவானிடமும் தெரிவித்தனர். "ஏன் தனியே இருந்தாய்? ஏன் கூவவில்லை?" என்று எவரும் வினவியதாக வினயத்தில் ஒரு சொல்லும் இல்லை. முதலிற் கேட்பவர் முகஞ் சுளித்தால், அப்பெண் இரண்டாமவரிடம் செல்லவே மாட்டாள். பகவான் அளித்த தீர்ப்பு: இசையாதவளுக்குக் குற்றமில்லை. அதன்பின் பசேனதி மன்னனை அழைத்து, பிக்குணியர்க்கு நகரினுள் உறைவிடம் அமைக்கச் செய்தார் என்று உரை கூறும்.

இவ்வளவு தெளிந்த நெறியை நம் நாட்டுச் சட்டம் எட்டுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. மராட்டிய மாநிலத்துக் காவல் நிலையமொன்றில் 1972இல் பழங்குடிச் சிறுமியொருத்திக்கு நேர்ந்த கொடுமையில், மேனியிற் காயமில்லை என்பதையும் காரணமாக்கி, 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரை விடுவித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. எதிர்த்துப் போராடாமை ஒன்றே இசைவாகாது என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. அச்சம் மிகும்போது கையும் காலும் நாவும் கட்டுண்டு போவதுண்டு; பின்னர் நினைவும் முன்பின்னாகச் சிதறி வருவதுண்டு. கோவையாகச் சொல்ல இயலாதவள் பொய்யள் ஆகிவிட மாட்டாள்.

ஆண்டுகள் கழிந்தபின் சொன்னாலும் காலங்கடந்ததென்று வன்புணர்வு வழக்கைத் தள்ளச் சட்டத்தில் இடமில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகாரளிக்கலாம். பெண் அதிகாரியே எழுதிக்கொள்ள வேண்டும். வாக்குமூலத்தை அவள் இல்லத்திலேயோ அவள் விரும்பும் இடத்திலேயோ அளிக்கலாம். அவள் பெயரை அச்சிடுவோர் தண்டனைக்குரியர். காவல் நிலையம் ஏற மனம் வராதவர் 181 என்னும் எண்ணில் முதலிற் பேசலாம். அதற்கும் நா எழாவிடில், உடன் வாழும் ஒருத்தியிடம்; தேரியும் அங்கேதான் தொடங்கினார்.